கேளுங்க அண்ணாச்சி: வீட்டுல கட்டுன விமானத்த வாடகைக்கு விடலாமா?

போன மாசம் சொந்தமா விமானம் கட்டுறவங்கள பத்தி ஏதோ ரெண்டு வரி எழுதிட்டேன், அன்னைல இருந்து லெட்டரும் வாட்ஸப்புமா வந்து குமியுது. எப்படி கட்டுறது, எங்க படிக்கிறதுன்னு கேட்டவங்க கொஞ்சம் பேருதான். முக்காவாசி பேரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அதுல காசு பாக்கலாமா அண்ணாச்சி?" நம்ம ஆளுங்க விவரமானவங்கன்னு சும்மாவா சொல்லுதாங்க. அதனால இந்தத் தடவ முழுக்க அந்தக் கேள்விதான். பேரு போடாதீயன்னு நிறைய பேரு சொன்னதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

பாளையங்கோட்டை, ரிட்டயர்டு வாத்தியார்: என் மகன் அமெரிக்காவுல டல்லாஸ் பக்கம் இருக்கான், சாப்ட்வேர் வேல. நாலு வருசமா வீட்டு கராஜுல ஆர்வி-10னு ஒரு நாலு சீட்டு விமானத்த கிட்டா, அதாவது பாகம் பாகமா, வாங்கிப் போட்டு ராத்திரி பகலா ரிவெட் ஆணி அடிச்சிட்டு இருக்கான். அதுக்குன்னு கடன் வேற வாங்கியிருக்கான். முடிச்ச பொறவு சனி ஞாயிறுல ஆளுங்கள ஏத்தி வாடகைக்கு ஓட்டுனா கடன் அடைஞ்சிரும்லா?

வாத்தியாரய்யா, அடையாது. மொதல்ல அதச் சொல்லிருதேன், அப்புறமா ஏன்னு பாப்போம்.

அங்க வீட்டுல கட்டுன விமானத்துக்கு எக்ஸ்பெரிமென்டல்னு தனியா ஒரு சான்றிதழ் கொடுப்பாங்க. அந்தச் சான்றிதழ் உள்ள விமானத்துல காசு வாங்கிட்டு ஆளையோ சாமானையோ ஏத்திட்டுப் போகக்கூடாதுன்னு அமெரிக்க விமானத்துறை விதி 91.319ல நேராவே எழுதியிருக்கு. சுத்தி வளைக்கிற வேலையே கிடையாது. உங்களுக்கு விளங்குற மாதிரி சொல்லணும்னா அது ஒயிட் போர்டு வண்டி. டாக்ஸிக்கு மஞ்ச போர்டு வேணும், இவன் விமானத்துக்கு அந்த மஞ்ச போர்டு கிடைக்கிறதுக்கு வழியே இல்ல, எத்தன ஃபீஸ் கட்டுனாலும்.

ஏன் இல்லன்னு கேப்பீய. வாத்தியார்லா, கேக்கத்தான் செய்வீய. கம்பெனிக்காரன் ஒரு மாடல் விமானம் செஞ்சு விக்கணும்னா அந்த டிசைனோட இறக்கைய ஒடிச்சுப் பாத்து, எஞ்சின ஓட்டிப் பாத்து, இத்தன பளுவுக்குத் தாங்கும்னு அரசாங்கத்துக்கு நிரூபிச்சுக் காட்டணும், அதுக்குப் பேரு டைப் சர்டிபிகேட். வீட்டுல கட்டுறவனுக்கு அந்தப் பாடு இல்ல. ஏன்னா அவனுக்கு இந்தச் சலுகையக் கொடுத்ததே வேற ஒரு காரணத்துக்கு. விமானத்துல பாதிக்கு மேல வேலைய, 51 சதவீதம்னு பேச்சு வழக்குல சொல்லுவாங்க, தானே செஞ்சிருக்கணும், அதையும் படிப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே செஞ்சிருக்கணும். "மட்டுமே"ங்கிற அந்த வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. ஆசைக்குக் கட்டுதேன்னு சொல்லித்தான் உங்க மகன் சான்றிதழே வாங்கப் போறான், வாங்கிட்டு வந்து வியாபாரத்துக்கு ஓட்டுனா அது சொன்ன வாக்க மாத்துன மாதிரிதான.

வீட்டுல கட்டுனது மட்டமான விமானம்னு நான் சொல்ல வரல. நான் ஹேங்கர்ல, விமானத்த நிறுத்துற கொட்டகைல, கிரீஸ் கையோட பல வருசம் நின்னவன், சில பேரு கட்டுனதப் பாத்தா கம்பெனி வேலையே தோத்துப் போகும், ஒவ்வொரு ரிவெட்டும் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். ஆனா அது எனக்குத் தெரியும், கட்டுனவனுக்குத் தெரியும். 200 டாலர் குடுத்துட்டு சீட்டுல வந்து உக்காருறவனுக்கு என்ன தெரியும்? டிக்கெட்ட வாங்கும்போது, யாரோ சோதிச்சுத்தான் விட்டிருப்பான்னு நம்பித்தான் வாங்குதான். அந்த நம்பிக்கைக்கு இங்க யாரும் கையெழுத்துப் போடல.

எங்க மச்சான் ஒருத்தரு அந்தக் காலத்துல அம்பாசிடர ஒயிட் போர்டுல வச்சுக்கிட்டு கல்யாண வீட்டுக்கு, நிச்சயத்துக்குன்னு வாடகைக்கு ஓட்டுவாரு. யாராவது கேட்டா "சொந்தக்காரங்கதான்"னு வண்டில இருக்கவங்க சொல்லணும், அதுதான் ஒப்பந்தம். பத்து வருசம் ஒண்ணும் ஆகல. ஒரு நாள் கயத்தாறு தாண்டி லாரில உரசிருச்சு, உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா பின்னாடி இருந்த ஆளு ஆஸ்பத்திரில வாடகைன்னு உண்மையச் சொல்லிட்டாரு. இன்சூரன்ஸ் கைய விரிச்சிருச்சு. வித்தது வண்டிய மட்டும் இல்ல, ரெண்டு கோட்டை வெதப்பாடு வயலும் போச்சு. விமானத்துக்கும் அதே கணக்குதான், தொக மட்டும் பெருசு.

இன்னொண்ணு, உங்க மகன் "நான் கமர்சியல் லைசென்ஸ் எடுத்துருதேன், அப்ப சரிதான"ன்னு சொன்னாலும் சொல்லுவான். சரி இல்ல. இதுல மூணு பூட்டு இருக்கு. ஓட்டுறவனோட லைசென்ஸ் ஒண்ணு, விமானத்தோட சான்றிதழ் ஒண்ணு, ஆளேத்துற தொழில் நடத்துறதுக்கான அனுமதி ஒண்ணு. ஒரு சாவிய வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் திறக்க முடியாது. கடன அடைக்க சாப்ட்வேர் வேலையவே பாக்கச் சொல்லுங்க.

ராதாபுரம்: நான் இப்ப டெக்ஸாஸ்ல ஸ்வீட்வாட்டர் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடி மெயின்டெனன்ஸ்ல இருக்கேன், ஒவ்வொரு சைட்டுக்கும் நடுவுல முந்நூறு மைல் இருக்கும். சொந்தமா ஒரு ரெண்டு சீட்டு ஆர்வி கட்டி முடிச்சிட்டேன், பிரைவேட் லைசென்சும் இருக்கு. அதுல சைட்டுக்குப் போனா அது பிசினஸ் யூஸ் ஆயிருமா?

ஆவும், ஆனா அது தப்பு இல்ல. இங்கதான் நிறைய பேரு கொழம்புதாங்க. பிசினசுக்குன்னு சொன்னாலே கூடாதுன்னு நினைச்சுக்கிடுதாங்க. கூடாதது வாடகைதான். நீங்க சைட்டுல போயி காத்தாடிக்கு எண்ணெய் மாத்துறதுக்குத்தான் சம்பளம் வாங்குதீய, விமானம் ஓட்டுறதுக்கு இல்ல. பஸ்ல போனாலும் கார்ல போனாலும் அதே வேலதான், அதே சம்பளம்தான். பறக்குறது அதுக்குத் துணையா நடக்குற காரியம், அவ்வளவுதான். விதி 61.113ல பிரைவேட் பைலட்டுக்கு அத அனுமதிச்சிருக்கு. பயணச் செலவுக்குன்னு கம்பெனி காசு குடுத்தாலும் வாங்கிக்கிடலாம். ஆனா அதே ஃப்ளைட்டுல காசுக்கு ஆளையோ சாமானையோ ஏத்தக்கூடாது.

உங்க ஸ்பேனர் பை உங்க சாமான்தான், தாராளமா வச்சுக்கிடுங்க. மேனேஜர் வந்து, "நீ தான் பறக்கியே, அடுத்த சைட்டுக்கு இந்த பார்ட்ட குடுத்துரு, ட்ரிப்புக்கு இவ்வளவு தாரேன்"னு சொன்னாருன்னா அங்கன நின்னுருங்க, அது லாரி சர்வீஸ். நிறைய பேரு இப்படி சின்னச் சின்ன உதவில ஆரம்பிச்சுத்தான் மாட்டுதாங்க. அதோட கம்பெனில ஒரு வார்த்த எழுதி வாங்கிக்கிடுங்க, சொந்த விமானத்துல டூட்டிக்குப் போறத இன்சூரன்சுக்காக ஒத்துக்கிடாத கம்பெனியும் உண்டு.

மேலப்பாளையம்: தம்பி அங்க விமானம் வச்சிருக்கான். அவனும் மூணு கூட்டாளிகளுமா சேந்து ஹூஸ்டனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க. பெட்ரோல் காசப் பிரிச்சுக்கிட்டா வாடகை ஆயிருமா?

பிரிக்கலாம், ஆனா எப்படிப் பிரிக்கணும்னு கணக்கு இருக்கு. பெட்ரோல், ஆயில், ஏர்போர்ட்ல கட்டுற காசு, வாடகை விமானம்னா அந்த வாடகை, இந்த நாலத்தான் பங்கு போடலாம். மொத்தம் 240 டாலர் ஆச்சுன்னு வச்சுக்கிடுங்க, நாலு பேரு, ஆளுக்கு 60, அதுல தம்பியும் 60 போட்டே ஆவணும். "நீ தான ஓட்டுத, நீ போடாத, நாங்க மூணு பேரும் எம்பது எம்பது போட்டுருதோம்"னு பாசத்துல சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அதுதான் மரியாத. அங்க அந்த மரியாதைக்குப் பேரு கூலி. இன்சூரன்ஸ், வருசாந்திரச் சோதனச் செலவு, ஹேங்கர் வாடகை, எஞ்சின் தேய்மானம் எதையும் அதுல நுழைக்கக்கூடாது.

எல்லாரும் ஒரே கல்யாணத்துக்குப் போறதும் முக்கியம். தம்பிக்கு ஹூஸ்டன்ல ஒரு சோலியும் இல்ல, அவங்களக் கொண்டு விடத்தான் போறான்னா அது வேற கதை. அதேபோல தெரிஞ்ச கூட்டாளிகளோட பேசிக்கிடுறது சரி, "ஹூஸ்டனுக்கு ரெண்டு சீட்டு காலியா இருக்கு, யாரு வாரீய"ன்னு ஊருக்கே விளம்பரம் போடக்கூடாது. ஃப்ளைட்நவ்னு ஒரு வெப்சைட் இதையே தொழிலா நடத்துனாங்க, பைலட்டு சீட்டப் போடுவாரு, யாரு வேணும்னாலும் செலவப் பங்கு போட்டு ஏறிக்கிடலாம்னு. அரசாங்கம் கூடாதுன்னு சொல்லி அது கோர்ட்டுக்குப் போச்சு, 2015 டிசம்பர்ல வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டும் அரசாங்கம் சொன்னதுதான் சரின்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. லாபமே இல்லாட்டியும் பொதுசனத்துக்குக் கதவத் திறந்து வச்சா அது பஸ் சர்வீஸ்தான்.

சங்கரன்கோவில்: லேத் பட்டறை வச்சிருக்கேன். விமானத்த வாடகைக்கு விடாட்டா போகுது, ஆர்டர் எடுத்து முழு விமானமும் கட்டிக் குடுத்தா அமெரிக்காக்காரன் வாங்குவானா?

வாங்குவான், ஆனா எக்ஸ்பெரிமென்டல்னு சான்றிதழ் வாங்க முடியாது, அப்புறம் அத வச்சு என்ன செய்ய, தோட்டத்துல கோழி அடைக்கலாம். நம்ம ஊர்ல "நான் வீடு கட்டுனேன்"னு சொல்றவரு ஒரு செங்கலத் தொட்டிருக்க மாட்டாரு, கொத்தனாரு கட்டுவாரு, இவரு திண்ணையில உக்காந்து கணக்குப் பாப்பாரு. விமானத்துல அந்தச் சோலி நடக்காது. காசு குடுத்து ஆள் வச்சுச் செஞ்ச வேல அந்த 51ல சேராது. கட்டுனவன் போட்டோ, நோட்டு, எந்த தேதில என்ன செஞ்சேன்னு எல்லாத்தையும் காட்டணும். ஆனா மீதிப் பாதிக்கு உங்க பட்டறைக்கு இடம் இருக்கு, கிட் கம்பெனிங்க அததான செஞ்சு விக்காங்க. முழுசா கட்டி முடிச்சு பறந்துட்டு இருக்க விமானத்த ஒருத்தரு இன்னொருத்தருக்கு விக்கிறதுல தடையே இல்ல. வாங்குனவருக்கு ஒரு குறை என்னன்னா, வருசா வருசம் சோதன போட்டுக் கையெழுத்துப் போடுற உரிமை கட்டுனவரோடயே நின்னுரும், இவருக்குத் தானா வராது.

நாங்குநேரி: சொந்தமா கட்டுன விமானத்துல வாத்தியாரு வச்சு ஓட்டப் படிச்சா அவருக்குச் சம்பளம் குடுக்கலாமா? அதுவும் காசுதான?

நல்ல கேள்வி, அங்க அரசாங்கமே இதுல கொழம்பிப் போச்சு. 2021ல அதுக்கும் தனியா அனுமதிக் கடுதாசி வாங்கணும்னு சொல்லிட்டாங்க, விமானக்காரங்க எல்லாம் கத்துனாங்க, 2022 டிசம்பர்ல அவங்க பார்லிமென்டே சட்டம் போட்டு சொந்தக்காரருக்கு அது வேண்டாம்னு ஆக்கிருச்சு. தன் விமானத்துல தான் படிக்க வாத்தியாருக்குச் சம்பளம் குடுக்கலாம். விமானத்த வச்சு ஊராருக்கு வகுப்பெடுத்துக் காசு வாங்குறதுதான் வேற விசயம், அதுக்குத் தனி அனுமதி வேணும்.

அம்பாசமுத்திரம்: எல்லாம் அமெரிக்கா கதையாவே இருக்கே. நம்ம ஊர்ல ஒருத்தன் கட்டிப் பறந்து நாலு காசு பாக்க முடியுமா முடியாதா?

வே, உங்க ஊருக்குப் பக்கத்துலயே பறந்திருக்கு, நீரு கேக்கீரு பாரும். தொடுபுழாப் பக்கம் சஜி தாமஸ்னு ஒருத்தரு, பொறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் வராது, அவரு சொந்தமா ஒரு ரெண்டு சீட்டு சின்ன விமானம் செஞ்சாரு. அது 2014ல பறந்தது எங்கன்னு நினைக்கீரு, நம்ம மணிமுத்தாறுப் பக்கத்து ஓடுதளத்துலதான். ஆலப்புழைக்காரரு ஒருத்தரு, அசோக் தாமராக்ஷன், லண்டன்ல இருக்கும்போது கொரோனாக் காலத்துல கிட் வாங்கி நாலு சீட்டு விமானம் கட்டி, மகள் பேரையே வச்சு, 2022ல குடும்பத்தோட ஐரோப்பாவச் சுத்துனாரு. பாத்தீரா, ரெண்டு பேரும் ஆசைக்குத்தான் கட்டுனாங்க.

இங்க கதைய முழுசா தெரிஞ்சுக்கிடணும்னா மும்பை அமோல் யாதவப் பாக்கணும். ஜெட் ஏர்வேஸ்ல பைலட்டா இருந்தவரு, காந்திவலில வீட்டு மொட்ட மாடில ஆறு சீட்டு விமானத்தக் கட்டுனாரு. நம்ம மொட்ட மாடில வத்தல் காயப்போடத்தான் இடம் இருக்கு. 2016ல மேக் இன் இந்தியா கண்காட்சில வச்சு நாடே பாத்துச்சு, ஆனாலும் பதிவு நம்பர் கையில வர 2017 ஆச்சு, பறக்க அனுமதி வர 2019 ஆச்சு. அந்த அனுமதியும் பறந்து பாக்கத்தான், டிக்கெட் போட இல்ல. இங்கயும் பூட்டு அதேதான்: பிரைவேட் லைசென்ஸ் வச்சுக் கூலிக்கு ஓட்ட முடியாது, கமர்சியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும், அதுக்கு மேல ஆளேத்துற தொழிலுக்கு நம்ம நாட்டு விமானத்துறை டிஜிசிஏ-கிட்ட தனி பெர்மிட் வாங்கணும், அந்தப் பெர்மிட்டு முழுச் சான்றிதழ் உள்ள விமானத்துக்குத்தான்.

இதுல நம்ம சீமைக்குன்னு ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. கூடங்குளத்துல அணு உலை, மகேந்திரகிரில இஸ்ரோ, விஜயநாராயணத்துல கடற்படை, குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளம் வேற வருது. வாகைக்குளத்துல ஏர்போர்ட்டு. இதுக்கு நடுவுல ஆரல்வாய்மொழில இருந்து கயத்தாறு வரைக்கும் காத்தாடி. வானம் நமக்கு அகலமாத்தான் தெரியும், மேப்ப விரிச்சுப் பாத்தா சந்துதான்.

சேரன்மகாதேவி: பாலிடெக்னிக் முடிச்சிருக்கேன், நானே பாகம் வாங்கி மருந்தடிக்கிற ட்ரோன் ஒண்ணு பூட்டியிருக்கேன். எங்க வயலுக்கு அடிச்சுப் பாத்தேன், நல்லா அடிக்குது. அடுத்த வயலுக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு வாங்கலாமா?

தம்பி, உம்ம கேள்விதான் இந்த மாசத்துல நிசமாவே நம்ம ஊர்க் கேள்வி, ஆனா பதில் உமக்குப் பிடிக்காது. 2021 ட்ரோன் விதில, டைப் சர்டிபிகேட் உள்ள ட்ரோனத்தான் தொழிலுக்கு ஓட்டணும். 25 கிலோவுக்குள்ள சொந்தமா செஞ்சு கண்ணுக்கு எட்டுற தூரத்துல பறக்க விடுறதுக்கு விலக்கு இருக்கு, ஆனா எதுக்குன்னா படிப்பு, ஆராய்ச்சி, டிசைன் பண்ணிப் பாக்கது, பொழுதுபோக்கு, இதுக்கு மட்டும்தான். பாத்தீரா, கடல் தாண்டி வந்தாலும் அதே "மட்டும்"தான் வந்து நிக்குது. உம்ம வயல்ல அடிச்சதையும் வெளியே பெருசா சொல்லிக்கிட்டு இருக்காதியும், மருந்தடிக்கிறது விவசாயம், பொழுதுபோக்குன்னு சாதிக்க முடியாது.

நான் சொல்லட்டுமா, சான்றிதழ் உள்ள ட்ரோன் ஒண்ண கூட்டுறவாவோ குழுவாவோ சேந்து வாங்கிக்கிட்டு, ட்ரோன் ஓட்டப் பயிற்சி எடுத்து ரிமோட் பைலட் சர்டிபிகேட்ட வாங்கும், பயிற்சில சேர பத்தாவது பாஸும் 18 வயசும் போதும். கையால பூட்டத் தெரிஞ்சவன் ரிப்பேருக்கு எவன்கிட்டயும் கை கட்டி நிக்க வேண்டாம், அதுல வர்ற காசு போதும் உமக்கு. விதிய மீறுனா அபராதம் ஒரு லட்சம் வரைக்கும் போகும், அந்தக் காசுக்கு எத்தன ஏக்கர் அடிக்கணும்னு நீரே கணக்குப் போட்டுக்கிடும்.

பாளையங்கோட்டை, வாத்தியார் வீட்டம்மா: அவருக்குத் தெரியாம எழுதுதேன். வாடகை எல்லாம் எனக்கு வேண்டாம். சித்திரைல மகன் வீட்டுக்குப் போறேன், அவன் கட்டுனதுல என்னய ஏத்திட்டுப் போறேங்கான். நான் ஏறலாமா அண்ணாச்சி?

ஏறலாம் தங்கச்சி, காசு குடுக்காதீய, அது போதும். ஆனா கட்டி முடிச்ச உடனே ஏற முடியாது, மொதல்ல அவன் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்குள்ளயே வழக்கமா 25 மணி நேரமோ 40 மணி நேரமோ பறந்து சோதிக்கணும், எஞ்சினும் விசிறியும் எந்த வகைங்கிறதப் பொறுத்து. அந்தக் காலத்துல பயணியா யாரும் ஏறக்கூடாது, பெத்தவளா இருந்தாலும். அது முடிஞ்சுதான்னு கேளுங்க, வாய் வார்த்த வேண்டாம், லாக் புக்குல எழுதியிருக்கும், எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

கதவுப் பக்கத்துல ரெண்டு இஞ்ச் உயரத்துக்காவது எக்ஸ்பெரிமென்டல்னு எழுத்து இருக்கும். உள்ள உக்காந்தா உங்க கண்ணுக்கு நேரா இன்னொரு பலகை, இது அமெச்சூர் கட்டுன விமானம், வழக்கமான விமானத்துக்குள்ள பாதுகாப்பு விதிக்கு உட்பட்டது இல்லன்னு. அதப் பாத்துப் பதறிராதீய, எல்லா வீட்டு விமானத்துலயும் அது உண்டு. ஆனா அவன அத வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, சொல்ல வேண்டியது அவன் கடமை, சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாருங்க. ஒழுங்கா நிதானமா சொன்னான்னா ஏறுங்க, "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிம்மா"ன்னு சிரிச்சு மழுப்புனான்னா அன்னைக்கு ஏறாதீய, மறுநாள் பாத்துக்கிடலாம்.

அல்வா எத்தன கிலோ கொண்டு போறீயன்னும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, வெயிட் கணக்குல சேக்கணும்.